செலாடாங்கின் ஈறு

மலாயாவில், ஈப்போ மாட்டு ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் என்னைச் சிலிம் ரிவர் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. வெக்கை நோய் ஆற்றுக்கு அக்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றின் எருமைகளையெல்லாம் கொன்றிருந்தது. வெக்கை கண்ட மாடு பிழைப்பது அபூர்வம். முதலில் காய்ச்சல், கண்ணில் பீளை. பிறகு ஈறில் தவிடு அப்பியதுபோல் வெள்ளைப் புண். கடைசியில் நிற்காத கழிச்சல். மருந்து கிடையாது. எந்தக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அகப்படாத விஷம் என்று மாட்டு டாக்டர் சொல்வார். அவர் வெள்ளைக்காரர், எங்களுக்கு அவர் துரை.

துரைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மாடுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் ஓட்டிப்போகத் தடை போட்டும் நோய் தாண்டித் தாண்டி வந்தது. காட்டுக்குள் இருக்கும் பன்றியும் மானும், செலாடாங் என்கிற காட்டுமாடும் அதைச் சுமந்து வருகின்றனவோ என்று நினைத்தார். ஆகவே என் வேலை, காட்டோரமாக நடப்பது. செத்த மிருகம் கிடக்கிறதா, தண்ணீர் குடிக்க வருவதில் தள்ளாடுவது ஏதும் உண்டா, சாணம் இறுகி இருக்கிறதா இளகி இருக்கிறதா என்று பார்த்து அச்சடித்த தாளில் குறிப்பது. தடம் பார்க்கத் தெரிந்த ஒரு மலாய்க்காரரைத் துணைக்குக் கொடுத்தார்கள். என்னைவிட மூத்தவர். மலாயில் அண்ணன் என்று பொருள்பட, அபாங் என்று கூப்பிடுவேன்.

தங்குவதற்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் என் அக்கா இருந்தாள். அத்தான் காய்ச்சலில் போய் இரண்டு வருஷமாகியிருந்தது, பிள்ளை இல்லை. விடிந்ததும் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கப் போவாள். வந்ததும் மாட்டைப் பார்ப்பாள். ஒரு கறவைப் பசுவும் அது ஈன்ற கிடாரியும் வைத்திருந்தாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த அந்த லயத்துப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அந்தப் பசுவின் பால்தான்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பன்றி கிளறிய சேறு, மான் சாணம், அட்டைக்கடி. தாளில் இல்லை, இல்லை என்றே குறித்து அனுப்பினேன்.

நாலாம் வாரம், மழை விட்ட ஒரு காலையில் அபாங் நின்று மூக்கைச் சுளித்தார். மூங்கில் புதருக்குக் கீழே, ஓடையில் பாதி உடம்பு கிடக்க, ஒரு செலாடாங் செத்துக் கிடந்தது. கிழட்டுக் காளை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருந்த கால்கள் விறைத்து நின்றன. செத்து இரண்டு நாள் இருக்கும். வயிறு உப்பியிருந்தது.

துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உதட்டைப் பிரித்தேன். ஈறில் வெள்ளையாக இருந்தது. புழுவும் இருந்தது. புண்ணில் புழு வைத்ததா, செத்த பிறகு வந்த புழு தின்ற இடம்தான் அப்படி வெளுத்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"வயசாகிச் செத்திருக்கும்," என்று மலாயில் சொன்னார் அபாங். "இந்த வாயில எறும்புகூட ஏறியிருக்கும். நீ என்ன எழுதப்போற?"

தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு கட்டம்தான், உண்டு ஒன்று, இல்லை ஒன்று. நான் உண்டு என்ற கட்டத்தில் கோடு போட்டேன். மண்ணீரலில் ஒரு துண்டு வெட்டி, மரத்தூளும் ஐஸும் வைத்த பெட்டியில் போட்டு, மத்தியான ரயிலில் ஈப்போவுக்கு ஏற்றிவிட்டேன். அந்தத் துண்டை அரைத்து ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போடுவார்கள். கன்றுக்குக் காய்ச்சல் கண்டால் வெக்கை. பத்து நாள் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

துரை பத்து நாள் காத்திருக்கவில்லை. மறுநாளே தந்தி வந்தது. காட்டோரம் மேய்கிற மாடுகள் அத்தனையையும் சுட்டுப் புதைக்க வேண்டும். லயத்தில் பதினொன்று இருந்தன. அக்காவுடையது இரண்டு.

அன்று சாயங்காலம் அக்கா அடுப்பண்டை உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டிலிருந்து செய்தி எனக்கு முன்னாலேயே அவளுக்கு வந்திருந்தது.

"நீதான் எழுதுனியா?"

"ஆமாக்கா."

"வாயில புண்ணு இருந்திச்சா?"

"வெள்ளையா இருந்திச்சு. புழு வச்சிருந்திச்சு. எனக்குச் சரியாத் தெரியலக்கா."

"தெரியலன்னு எழுதியிருக்கலாம்லா."

"அதுக்கு அதுல எடமில்ல."

அவள் சோற்றைக் கிளறினாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். ஒன்பது மணிக்கு என்றேன். "அப்ப காலையில கறந்துரலாம்," என்றாள்.

கறந்த பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அதை வாய்க்காலில் ஊற்றினாள்.

குழி வெட்டிய இடம் தோட்டத்துப் பழைய ரப்பர் ஆலைக்குப் பின்னால். சுண்ணாம்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. துரை ரயிலில் வந்து இறங்கி, துப்பாக்கியைத் துடைத்தபடி நின்றார். கயிற்றைப் பிடிப்பது என் வேலை. மற்ற மாடுகள் வந்தன. அக்காவின் பசு என் கைக்கு வரவில்லை, காலை ஊன்றி நின்றது. அக்கா வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவள் முன்னால் நடக்க, பசு பின்னால் நடந்தது. கிடாரி கயிறில்லாமலே தாயை ஒட்டி வந்தது. குழியோரத்தில் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதுபோல் திரும்பிப் போனாள். சத்தம் கேட்டபோது அவள் லயத்தைத் தாண்டவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

எனக்கு என்ன தோன்றியது என்று யோசித்துப் பார்க்கிறேன். சுண்ணாம்பு கண்ணில் எரிந்தது நினைவிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

என்னை ஈப்போவுக்குத் திரும்ப அழைத்து, ஊசி போட்ட கன்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தனிக் கொட்டகை. காலையும் மாலையும் காய்ச்சல் குச்சி வைத்துப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் இல்லை, ஏழாம் நாள் இல்லை. பத்தாம் நாளும் கன்று புல்லைத் தின்றுவிட்டு என் சட்டை நுனியை நக்கியது. நான் துரையிடம் சொன்னேன். அவர் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார்.

"ஐஸ் உருகியிருந்தது. மாமிசம் கெட்டுப்போயிருக்கலாம். இதை வைத்து இல்லை என்றும் சொல்ல முடியாது," என்றார். பிறகு, "நீ சரியாகத்தான் செய்தாய்," என்றார். அவர் நல்லவர்தான். அவருக்கும் தெரியாது.

சிலிம் ரிவருக்குத் திரும்பியதும் அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டாள்.

"கன்னுக்குட்டி செத்துப்போச்சா?"

"இல்லக்கா. நல்லா இருக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், தெரியவில்லை. "ரயில்ல வந்தது, ஒடம்பெல்லாம் புழுதி. குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்," என்றாள். அவள் முன்போலவே எனக்குச் சோறு போட்டாள். ஆனால் காட்டில் என்ன பார்த்தாய் என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் அந்தக் காட்டோரம் நடந்தேன். வெக்கை அந்தத் தோட்டத்துக்கு வரவில்லை. அதைச் சொன்னபோது, "வர்றதுக்கு மாடு எங்க இருக்கு?" என்றார் அபாங். சண்டைக்குச் சொல்லவில்லை, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்.

செத்த பன்றி இரண்டு பார்த்தோம், ஒரு மான். சந்தேகம் வந்தால் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், தெரியவில்லை என்று எழுத ஆரம்பித்தேன். ஈப்போவிலிருந்து அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.