ஒன்பதாம் நாள் சீத்தாப்பழம்

சீத்தாப்பழம் அழுகும்போது முதலில் இனிப்பு வாசனைதான் வரும். ஐந்தாறு நாள் கழித்து அதில் கள்ளின் புளிப்பு ஏறும். அதற்கும் பிறகு, உள்ளே ஏதோ செத்துக் கிடப்பதுபோல ஒரு நாற்றம் மூக்கில் அடிக்கும். இதை நாள் கணக்காகச் சொல்ல எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில், பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கத் தண்ணீர்த்தொட்டி விளிம்பில் ஒரே பழத்தை வைத்து, தினமும் காலையில் ஒரு படமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

கேமரா சேகர் சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பியான அவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தார். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணைப் படமெடுக்க ஆசைப்பட்டு வாங்கிய டிஜிட்டல் கேமராவை, பெண் வீட்டார் அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் என்று சொல்லிவிட்டதால் என்னிடம் தந்துவிட்டார். பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் கழித்துத்தான் அது படம் பிடிக்கும். அதற்குள் கோழி ஓடிவிடும், ஆள் திரும்பிவிடுவார். அதனால் அசையாதவற்றை மட்டுமே எடுத்தேன்: ஏரிக்கரையில் பொறுக்கிய நத்தைக்கூடு, வேப்பம்பட்டையில் ஒட்டியிருந்த பூச்சித்தோல், லாரியில் அடிபட்டுச் செத்த ஒரு மீன்கொத்தி. மீன்கொத்தியை மூன்று நாள் தொடர்ந்து எடுத்து, படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான், அசையாது என்று நான் நினைத்தது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருப்பது தெரிந்தது. "பொணத்தப் போட்டோ புடிச்சிகினு கீது பாரு" என்று அம்மா துடைப்பத்தால் நாலு போட்டாள். பறவை போய்ப் பழம் வந்தது அப்படித்தான். காக்கை கொத்தாமலிருக்க அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் புரட்டாசி முழுக்க வீட்டில் சண்டை ஓயவில்லை. கம்பெனிகளுக்குப் போனது போக ஏரியோரம் மிஞ்சியிருந்த அரை ஏக்கரையும் விற்றுவிட வேண்டும் என்பது சித்தப்பாவின் பிடிவாதம். அப்பா கையெழுத்துப் போட மறுத்தார். தம்பி மேலிருந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிவார், குறுக்கே வந்த அம்மாவை அறைவார். சித்தப்பாவோ முன்னறைக் கதவை எட்டி உதைத்து உதைத்துத் தாழ்ப்பாளையே பெயர்த்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் தொட்டியருகே குந்தி, கூடையைத் தூக்கிவிட்டு, கறுத்து வெடித்திருந்த பழத்தின் மேல் எறும்புகள் ஊர்வதைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சற்றுத் தள்ளி மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நைட் ஷிப்ட் முடிந்து, நீலச் சட்டையைக்கூடக் கழற்றாமல், இரண்டு கையிலும் பத்திரத்தை ஏந்திக்கொண்டு சித்தப்பா வந்தார்.

"அண்ணா, நெலம் வாங்கறவங்க வெளிய கார்ல காத்துகினு கீறாங்க. ஒரே ஒரு கையெழுத்து."

"நான் செத்தப்புறம் வந்து கைநாட்டு உருட்டிக்கோடா."

"நீ செத்தாதான் இந்த வூடு உருப்படும்."

நான் பொத்தானை அழுத்திவிட்டேன். கேமரா விழித்துப் படம் பிடிப்பதற்குள், பழத்துக்குப் பின்னால் அப்பா எழுந்து மண்வெட்டியை ஓங்கிவிட்டிருந்தார். அது சித்தப்பாவின் தோளில் இறங்கியது; நீலச் சட்டை கிழிந்து கறுத்தது. சித்தப்பா மண்வெட்டியைப் பிடுங்கித் திருப்பி அடித்தார். முதல் அடியில் அப்பாவின் முழங்கை ஒடிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். விழுந்து கிடந்தவரின் முகத்தில் பிடியால் இரண்டு முறை குத்தினார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அப்பாவின் மேல் விழுந்தபோது, அவள் பார்த்தது சித்தப்பாவின் கையிலிருந்த மண்வெட்டியை மட்டும்தான்.

அன்று மாலை நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். முன்னால் பழம் துல்லியமாக இருந்தது. பின்னால் கொஞ்சம் கலங்கலாக, ஓங்கிய மண்வெட்டியோடு அப்பா. எதிரே, காகிதத்தைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத சித்தப்பா.

ஸ்டேஷனில் அம்மா, சேகர்தான் முதலில் அடித்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். சித்தப்பா ஒன்றுதான் சொன்னாராம்: "அண்ணன் பொண்ணு படம் புடிச்சிகினு இருந்தா. அவளக் கேளுங்க. அவ பொய் சொல்ல மாட்டா." மறுநாள் மத்தியானம் ஏட்டு வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் நான் அந்த ஒரு படத்தை அழித்தேன். அம்மா சொல்லி அழிக்கவில்லை; யாரும் சொல்லவில்லை. அப்பாவின் ஒரு கண் போய்விட்டது என்று அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"இன்னா புடிச்ச, காட்டு" என்றார் ஏட்டு.

"பழந்தான் சார். வேற ஒண்ணுமில்ல."

அவர் எட்டு நாள் படங்களையும், சண்டைக்கு மறுநாள் எடுத்த பத்தாம் நாள் படத்தையும் பார்த்தார். ஆமாம், மறுநாளும் எடுத்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பத்தாம் நாள் படத்தில் தொட்டி விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் தெறித்திருக்கும். பழச்சாறு என்று நினைத்தாரோ என்னவோ, கேமராவைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

சித்தப்பாவுக்கு இரண்டு வருடச் சிறை. கல்யாணம் நின்றது, கம்பெனி வேலையும் போனது. அப்பாவின் கைக்கும் கண்ணுக்கும் வைத்தியம் பார்க்க, அவர் விற்க மாட்டேன் என்ற அதே நிலத்தை அம்மா விற்றாள்.

இப்போது அந்த அரை ஏக்கரில் கன்டெய்னர்கள் நிற்கின்றன. எங்கள் வீடிருந்த இடத்தில் தென்மாவட்டத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விடும் மூன்று மாடி அறைகள். தண்ணீர்த்தொட்டி இருந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. அப்பா போன மாதம் இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். அங்கே ஒரு கிடங்கின் வாசலில் சித்தப்பா காவலாளியாக இருக்கிறார். பதினாறு வருடமாகச் சொல்லாததை, பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் எதிரே உட்கார்ந்து சொல்லி முடித்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"நீ அழிச்சிருப்பன்னு அப்பவே தெரியும். சின்னப் புள்ளய நடுவுல இழுத்து வுட்டது என் தப்பு. உங்கப்பனும் என்னை ஒரு அடிதான் அடிச்சான், நான்தான் நிறுத்தல." தொப்பியிலிருந்த தூசியைத் தட்டினார். "ஆனா ஒருதரம் உள்ள வந்து என்னப் பாத்திருக்கலாம் இல்லம்மா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம, பாக்க ஆள் வந்தவங்க பேரக் கூப்புடுவாங்க. எனக்கு யாருமே வரல."

லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.