தேர்தலுக்கு முன்பு ஒரு திருவிருந்து

சென்ற ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் நூறு பேர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

அதைப் போய் எழுத வேண்டுமா என்கிறீர்களா? வேண்டும்.

இடம், ஊருக்கு வெளியே தகர ஷீட் போட்ட ஒரு பெந்தெகொஸ்தே சபை. பாஸ்டர் சாமுவேல் என் பழைய நண்பர். ஊழியத்துக்கு வருமுன் எங்கள் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்தவர். "தேர்தலப் பத்தி வாரா வாரம் எழுதறீங்க. எங்க ஜனங்க படற பாட்டையும் ஒரு வாட்டி வந்து பாருங்க" என்று அழைத்திருந்தார். ஓட்டுப்பதிவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அவர்கள் படும் பாடு இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜெபக்கூட்டம் நடத்தக் கூடாது என்று சிலர் இந்தச் சபைக்குப் பூட்டுப் போட்டார்கள். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வந்து, பேசி, பூட்டைத் திறக்க வைத்தார். அவர் இப்போது வேட்பாளர். ஆனால் அவர் நிற்கும் கூட்டணியில்தான் பூட்டுப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஆளைப் பார்ப்பதா, கூட்டணியைப் பார்ப்பதா?

சபையின் மூப்பர்கள் இருவர் இதில் எதிரெதிர்ப் பக்கம். ஏசுரத்தினம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விழுப்புரம் ரூட்டில் முப்பது வருடம் விசில் ஊதியவர். "ஆளு நல்லவன்தான்... அவன் யாரோட நிக்கிறான் பாரு" என்பார். தேவராஜ், பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருப்பவர். "பூட்டு போட்டப்ப எந்தக் கூட்டணி வந்துச்சி? அந்த ஆளுதான வந்தாரு" என்பார். எத்தனையோ தேர்தல்களை எழுதிவிட்டேன். இதில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது.

பதில் தெரியாத இடத்தில்தானே வாட்ஸ்அப் நுழையும்? சபை குரூப்பில் ஏசுரத்தினம் ஒரு வாய்ஸ் நோட் போட்டார்: "நம்ம சபையில ஒரு யூதாஸ் பஞ்சர் கட வெச்சிக்கினு இருக்கான்."

யூதாஸ், ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன். அன்றிலிருந்து தேவராஜ் உள்ளே வரவில்லை. சபையை விட்டுப் போகவுமில்லை. மூன்று மாதமாக வாசலில், செருப்புகள் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து ஆராதனையைக் கேட்டுவிட்டுப் போகிறார். இந்தச் சபையில் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர்தான்.

நான் போன அன்று காலை தேவராஜ் பாஸ்டரிடம் சொல்லிவிட்டார். "இன்னியோட கடைசி பாஸ்டர். தனியா ஜெபம் நடத்த விழுப்புரம் ரோட்ல ஒரு ஷெட் பாத்துட்டோம்." அவரோடு எட்டுக் குடும்பங்கள் கிளம்பும். அதைச் சொல்லும்போது சாமுவேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அது மாதத்தின் முதல் ஞாயிறு, ஏசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் திருவிருந்து நாள். ரொட்டித் துண்டுகளும் சின்னக் கப்புகளில் திராட்சை ரசமும் வைத்த தட்டு கைக்குக் கை வரும். யார் மீதாவது கசப்பு இருந்தால் எடுக்கக் கூடாது. தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிட வேண்டும். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

முதல் வரிசையில் ஏசுரத்தினம் எடுக்கவில்லை. நகர்த்தினார். பக்கத்திலிருந்தவரும் நகர்த்தினார். மூன்றாவது வரிசை வரை தட்டு நிறைந்தபடியே போனது.

சாமுவேல் இறங்கி வந்து தட்டை வாங்கினார். மேசையில் வைத்து வெள்ளைத் துணியால் மூடினார்.

"எல்லாருக்கும் உண்டுன்னா உண்டு. இல்லன்னா யாருக்கும் இல்ல. நான் காத்துக்கினு இருக்கேன்" என்றவர், தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை, பாட்டு இல்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. வெளியே ஒரு பிரசார ஆட்டோ எதையோ இலவசமாகத் தருவதாகச் சொல்லிக்கொண்டு கடந்து போனது. ஒருவரும் எழுந்து போகவில்லை. அரை மணி... முக்கால் மணி...

பெண்கள் பக்கமிருந்து எஸ்தர் சிஸ்டர்தான் வாயைத் திறந்தார். "ரெண்டு ஆம்பளைங்க வீம்புக்கு எங்க வூட்டு கறிக்கொழம்பு ஊசிப்போவுது. ஜல்தி முடிங்கப்பா!"

சபை சிரித்தது. ஏசுரத்தினம் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். முழங்கால் வலிக்காரர். வாசல் வரை நடந்தார்.

"தேவராசு, உள்ள வாப்பா."

"வர மாட்டேன்ணா."

"தப்பாப் பேசிட்டேன்னுதான சொல்ல வந்தேன்."

"குரூப்ல அத்தினி பேர் கேட்டாங்க. சண்டே கிளாஸ்ல என் பொண்ண யூதாஸ் பொண்ணுன்னு கூப்பிட்றாங்க. நீங்க என் காதுல வந்து சொல்றீங்க!"

ஏசுரத்தினம் நிமிர்ந்து நின்றார். பிறகு சபையின் பக்கம் திரும்பினார். நெரிசல் பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கும் கண்டக்டர் குரல்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! தேவராசு யூதாஸ் இல்ல. நான் சொன்னது பொய்யி. பூட்டு தொறந்த அன்னிக்கு மொத ஆளா வந்து இந்த எடத்தப் பெருக்கினவன் அவன். பிள்ளைங்களா, அந்தப் பொண்ண இனிமே யாரும் அப்படிக் கூப்பிடாதீங்க."

சொன்னவர் உள்ளே திரும்பவில்லை. காலால் நாலு செருப்பை ஒதுக்கிவிட்டு, தேவராஜ் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

நான் குறிப்பேட்டைத் திறந்தே வைத்திருந்தேன். எழுதக் கை வரவில்லை. எனக்கு இந்த நம்பிக்கையில் பங்கில்லை. ஆனாலும், வாய் திறந்தால் ஏதோ உடைந்துவிடும் என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாமுவேல் துணியை எடுத்தார். தட்டை வாசலுக்குக் கொண்டு வந்தார். தேவராஜ் கையை நீட்டினார். எடுத்தார். அடுத்து ஏசுரத்தினம். பிறகு தட்டு கடைசி வரிசையிலிருந்து முன்னால் போனது. மேசைக்குத் திரும்பியபோது அதில் ஒன்றும் மிச்சமில்லை.

வாசலில் கலையும்போது ஏசுரத்தினம் கேட்டார்: "ஓட்ட மட்டும் எங்க பக்கம் போட்டுடுப்பா."

"அத மட்டும் கேக்காதண்ணா. அந்த ஆளுக்குத்தான்."

"பேஜாரு புடிச்சவன்! சரி, வண்டிய எடு. கால் வலிக்குது, என்னை வூட்ல விட்டுட்டுப் போ."

கட்சி மாறியவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். கருத்து மாறாமல், இடம் மட்டும் மாறி உட்கார்ந்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.