எஸ்கேப்பை இரண்டு தடவை தட்டும் செல்வி

"என்ன சார் அப்டேட்டு பண்ணுனீங்க? வெள்ளனேயிருந்து ஒரு சீட்டுகூட நிக்கல. வாசல்ல அஞ்சு லாரி பீன்ஸோட கெடக்கு. வெரசா வாங்க!"

மலை மேல் குளிரில் கிடக்கும் வில்பட்டிப் பக்கம் ஒரு காய்கறிக் குளிர்பதனக் கிடங்கின் மேனேஜர் போனில் போட்ட சத்தம் இது. ஊரே குளிர்பதனக் கிடங்காக இருக்கும்போது அதற்குள் இன்னொன்று எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே ஓடிய எடைச்சீட்டு புரோகிராம், ஏதோ ஒரு பழைய யூனிக்ஸ் மிஷினுக்காக யாரோ எழுதியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. அதை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்த புண்ணியவான் நான். கீபோர்டில் தட்டுவதைப் படித்துத் திரையில் காட்டும் டெர்மினல் லைப்ரரியை முந்தின நாள்தான் புதுப் பதிப்புக்கு ஏற்றியிருந்தேன். என் லேப்டாப்பில் எல்லா டெஸ்டும் பாஸ்.

போய்ச் சேர்ந்ததும், யார் என்ன செய்தார்கள் என்று புரோகிராம் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். சீட்டுக்குச் சீட்டு, 'ரத்து செய்தவர்: செல்வி'.

"மிஷின் மேல தப்பில்ல. லாக்ல அவங்க பேர்தான் இருக்கு" என்றேன். எவ்வளவு நிம்மதி எனக்கு!

மேனேஜருக்கு அது போதும். எல்லார் முன்னாலும், "ஏம்மா, நாளையிலருந்து நீ கேரட் கழுவுற எடத்துக்குப் போயிரு" என்றார்.

செல்வி எடைச்சீட்டுப் போடும் நாற்காலியில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர். கேரட் கழுவும் இடம் என்றால் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நிற்க வேண்டும்.

"நான் எதையும் மாத்தலீங்க சார். கை அதே கைதான்" என்றார் செல்வி. அழவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

சரி, ஒரு சீட்டுப் போடுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். எடை அடித்தார். சேமிக்க எஸ்கேப்பைத் தட்டினார். உடனே இன்னொரு தடவை தட்டினார். சீட்டு போயே போய்விட்டது.

பழைய லைப்ரரி எஸ்கேப்பைத் தட்டியதும் ஒரு விநாடி யோசிக்கும். திரை சும்மா இருக்கும். கம்பளிக் கையுறைக்குள் விரலுக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் செல்வி எப்போதும் இரண்டு தட்டு. அந்த ஒரு விநாடிக்குள் வரும் இரண்டாவது தட்டைப் புரோகிராம் குப்பையில் போட்டுவிடும். புது லைப்ரரி யோசிப்பதில்லை. முதல் தட்டில் சீட்டைச் சேமித்தது, இரண்டாவதில் அதையே ரத்து செய்தது. 'எஸ்கேப் தாமதம் குறைக்கப்பட்டது' என்று புதுப் பதிப்பின் குறிப்பிலேயே இருந்தது. ஆகா, முன்னேற்றம் என்று படித்துச் சந்தோஷப்பட்டவன் நான்தான்.

தாமதத்தைப் பழையபடி ஒரு விநாடியாக்கினேன். ஒரே வரி. சீட்டு நின்றது, லாரிகள் கிளம்பின.

"அப்ப சரி, அவங்கவங்க சோலியப் பாருங்க" என்றார் மேனேஜர், எதுவுமே நடக்காத மாதிரி.

செல்வி நாற்காலியில் உட்காரவில்லை. "எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. எழுதிக் குடுங்க சார்."

வெட்கமாக இருந்தது. 'தவறு என்னுடையது, செல்வியுடையது அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே மேனேஜருக்கும் இடம் விட்டேன்.

லைப்ரரி ஏற்றப் போகும் தம்பி தங்கைகளே, பழைய கோளாறை நம்பியும் ஒருவர் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருப்பார். லாகில் யார் பேர் என்று தேடும் முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பாருங்கள். அந்தத் தாள் இன்னும் செல்வியின் மானிட்டருக்கு மேல் ஒட்டியிருக்கிறது. மேனேஜர் நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறாராம்.