லோடுக்கு ஒரு லைசென்ஸ்

எங்கள் தெருவில் அரசாங்க நோட்டீஸை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய ஆள் அப்போது நான் ஒருத்திதான். ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அப்பா போனவர்தான், இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டார். அதனால் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எது ஒட்டினாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் வாசிக்கச் சொல்வார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொருள் தெரியாத சொற்களைக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் வாசிப்பேன்.

அந்த முறை ஒட்டியிருந்தது நாய்களைப் பற்றியது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், கழுத்தில் டோக்கன் கட்ட வேண்டும். டோக்கன் இல்லாத நாய்களை வருகிற புதன்கிழமை வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும்.

"நாய்க்கு டோக்கனா? ரேஷன் கடையில எனக்கே டோக்கன் கெடைக்கல" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நீரு போயி ஒரு வாரம் கொரைச்சுப் பாரும், கெடைக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. அவளும் அம்மாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த நோட்டீஸ் எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். எங்கள் லோடால்தான் வந்தது.

லோடு என்பது நாய். காகிதக் குழாய் ஏற்றிவந்த ஒரு லாரியில், மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டே எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது. வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது. பட்டாசு வெடித்தால் அதற்குப் பயமில்லை. கம்பெனிகளில் சோதனைக்காகச் சரம் கொளுத்தும்போது ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதற்கு ஆகாதது மொபெட் சத்தம் ஒன்றுதான். போன வாரம் அம்மாவுடைய கம்பெனி ஃபோர்மேன் மொபெட்டில் எங்கள் தெரு வழியாகப் போனபோது துரத்தியிருக்கிறது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டிப் போய், பஞ்சாயத்து வெட்டிவைத்திருந்த சாக்கடையில் இறங்கிவிட்டார்.

சேறும் சகதியுமாக எழுந்து நின்று அவர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "இது யார் வீட்டு நாய்னு தெரியட்டும். அந்த வீட்டுல ஒருத்தருக்கும் என் கம்பெனியில வேலை கெடையாது."

அதுவரை லோடு ஒரு கருவாட்டுத் துண்டைத் தூக்கினாலும் "ஒங்க நாய்தான்" என்று எங்கள் வாசலில் வந்து நிற்கும் தெரு, அன்று முழுவதும் அதை முன்பின் பார்த்தறியாத தெருவாக மாறிவிட்டது. அம்மாவும்தான். காலடியில் வந்து படுத்த நாயை, "சூ, யார் வீட்டு நாயோ" என்று விரட்டினாள். லோடு அதை ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டியது.

ஆனால் எனக்குச் சட்டம் தெரியுமே! லைசென்ஸ் எடுத்துவிட்டால் வண்டிக்காரன் தொட முடியாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாய் லைசென்ஸ் ஃபாரம் வேணும் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில், இந்த உலகத்தில் அப்படி ஒருத்தி வந்து கேட்பாள் என்று யாரும் அவரிடம் சொல்லி வைக்கவில்லை என்பது தெரிந்தது. மேஜையைத் திறந்தார், பீரோவைத் திறந்தார். கடைசியில் ஒரு தாளை எடுத்தார். குடிநீர் இணைப்பு கோரும் விண்ணப்பம். மேலே இருந்த 'குடிநீர் இணைப்பு' என்பதை அடித்துவிட்டு 'நாய்' என்று எழுதினார்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. நெரப்பு."

நிரப்பினேன். இணைப்பு தேவைப்படும் இடம் என்ற இடத்தில் எங்கள் வீட்டு முகவரி. குழாயின் அளவு என்று இருந்தது.

"சார், இதுக்கு?"

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "நாய் எம்புட்டு ஒசரம்?"

"ஒண்ணேகால் அடி இருக்கும் சார்."

"அதை எழுது."

தண்ணீர் எதற்குப் பயன்படுத்தப்படும், வீட்டு உபயோகமா வணிக உபயோகமா என்று அடுத்த கேள்வி. வீட்டு உபயோகம் என்று எழுதினேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை இனிஷியலோடு எழுதப் போனபோது அவர் என் கையைத் தடுத்தார்.

"நீ சின்னப் புள்ள. பெரியவுக பேரும் கையெழுத்தும் வேணும். வாங்கிட்டு வா, டோக்கன் யூனியன் ஆபீஸ்ல இருந்து ஒரு மாசத்துல வரும்."

"வண்டி நாளன்னைக்கே வருதே சார்?"

"வண்டி வேற, டோக்கன் வேற" என்றார். நான் போகாமல் நின்றதால், என்னை அனுப்புவதற்காகத் தாளின் தலையில் ஒரு முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

வீட்டில் அப்பாவிடம் நீட்டினேன். "எம் பேரை இதுவரைக்கும் ஒரு பேப்பர்லயும் நல்லதுக்கு எழுதுனதில்ல. போயும் போயும் நாய்க்குப் பக்கத்துலயா எழுதப் போற?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாவிடம் மை டப்பாவோடு போனேன். அவள் பெருவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எம் பேரு அதுல இருக்கக் கூடாது. ஃபோர்மேன் கண்ணுல பட்டா வேலை போயிரும். நாயைக் காப்பாத்தவா, ஒன்னையப் படிக்க வைக்கவா?"

"லைசென்ஸ் இருந்தா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. ஒங்களுக்கெல்லாம் சட்டம்னா என்னன்னே தெரியாது. படிச்சிருந்தாத்தானே!"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி, எரிந்துகொண்டிருந்த விறகையே மறுபடி தள்ளினாள். நான் ஜெயித்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் வண்டி வந்தது. கம்பி வலை போட்ட வண்டி, சுருக்குக் கயிறோடு இரண்டு பேர், கையில் நோட்டோடு ஒரு சூப்பர்வைசர். நான் விண்ணப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லோடைத் தேடி ஓடினேன். லோடைக் காணோம். அம்மாவையும் காணோம். எட்டுப் பத்து நாய்கள் கிடக்கும் தெருவில் இரண்டே இரண்டு நாய்கள்தான் இருந்தன. எழுந்து நடக்கவே யோசிக்கும் ஒரு கிழட்டுச் செவலை, அதற்கு எதிரில் ஒரு கண் பூத்துப்போன கருப்பன். இரண்டின் கழுத்திலும் பட்டாசுப் பெட்டி கட்டும் சிவப்பு நாடா. நாடாவில் மினுமினுவென்று ஒரு லேபிள் தொங்கியது.

சூப்பர்வைசர் குனிந்து செவலையின் லேபிளைப் படித்தார். "கையில் பிடித்துக் கொளுத்தக் கூடாது. பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும்."

கயிறு வைத்திருந்தவன் ஒரு அடி பின்னால் போனான்.

"என்னம்மா இது?" என்றார் அவர், அங்கே நின்றிருந்த ஒரே அதிகாரியான என்னைப் பார்த்து.

"டோக்கன் வர ஒரு மாசம் ஆகும் சார். அதுவரைக்கும் இது. விண்ணப்பம் குடுத்தாச்சு" என்று தாளை நீட்டினேன். அவர் முத்திரையைப் பார்த்தார். குழாயின் அளவு ஒன்றேகால் அடி என்பதைப் பார்த்தார். வீட்டு உபயோகம் என்பதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊருக்கு ரெண்டே நாய்தானா?"

"ரெண்டுதான் சார்" என்றது தெரு, ஒரே குரலில்.

'இரண்டு நாய்கள், ஆவணம் உள்ளது' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். புறப்படும் அவசரத்தில் வண்டி அதே சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கியது. வண்டியைத் தூக்கிவிட்டு வழியனுப்பி வைத்தது எங்கள் தெருதான்.

வண்டி மறைந்ததும் பக்கத்து வீட்டு அத்தை என் கையைப் பிடித்து ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சீமைக் கருவேலங்காட்டுக்குள் தள்ளித் தள்ளி மரத்தடிகளில் நாய்கள் உட்கார்ந்திருந்தன. ஒரு மரத்துக்கு இரண்டுக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கருவாட்டுத் தலை. நடுவில் அம்மா குத்தவைத்து, முந்தானை வெளியே தெரியாதபடி உள்ளே செருகி, வாயில் விரலை வைத்திருந்தாள். லோடு அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. என் வகுப்பில் லீடராக இருந்த என்னால் நாற்பது பேரை ஒரு நிமிடம் அப்படி உட்கார வைக்க முடிந்ததில்லை.

"ஜீப்பு போயிருச்சா?" என்றாள் அம்மா.

"ஜீப்பு இல்ல, வேன்" என்று திருத்தினேன். "ஏம்மா அந்த ரெண்டை மட்டும் விட்டுட்டு வந்த?"

"ஒண்ணுமே இல்லாட்டி ஆபீசருக்குச் சந்தேகம் வரும் புள்ள. கணக்குக்குக் கொஞ்சம் கண்ணுல படணும். மிச்சம் காட்டுக்குள்ள இருக்கணும். சேந்து உக்காரக் கூடாது. சத்தம் கூடாது."

அத்தை சிரித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "மதினி, ஃபோர்மேன் சொல்றதை அப்பிடியே சொல்றீகளே! செக்கிங் ஜீப்பு வந்தா ரூமுக்கு நாலு, மிச்சம் அம்புட்டும் காட்டுக்குள்ள."

அம்மாவும் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். லோடு எல்லார் முகத்தையும் நக்கியது. அம்மா அதன் காதில் தைத்திருந்த முள்ளைப் பார்க்காமலே தடவிப் பிடுங்கி எறிந்தாள்.

படிக்காத அம்மா சட்டத்தைச் சமாளித்த விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது கம்பெனிதான் என்பதும் புரிந்தது. அங்கே ரூமுக்கு நாலு நாய் வளர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் நடந்தது முழுவதையும், அத்தை சொன்னதையும் சேர்த்து, நடித்தே காட்டினேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. டீச்சரும் குழாயின் அளவுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கம்பெனியில உங்க அம்மா எந்த ரூம்?"

"அம்மாவுக்கு ரூமெல்லாம் கெடையாது டீச்சர்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "வேப்பமரத்தடியில உக்காந்துதான் மருந்து அடைப்பாக. நல்லாக் காத்து வரும்."