ஊசிக்காரி கேட்ட ஆறு வியாழன்

எங்கள் தையல் ஆலையில் அவளுக்கு ஊசிக்காரி என்றுதான் பெயர். மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகளை எல்லாம் பொறுக்கி அவளிடம் கொண்டு போக வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் புது ஊசி கிடையாது. குழந்தைச் சட்டைக்குள் ஊசிமுனை போய்விட்டால் யார் பதில் சொல்வது? துண்டுகளைச் சேர்த்து வைத்து, முழு ஊசி தேறிய பிறகுதான் புது ஊசி டப்பாவைத் திறப்பாள். பதினோரு வருடமாக அந்தச் சின்ன அறையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

போன வருடம் அவள் தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அதோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று, சோறும் இறங்கவில்லை. ஊழியர்களுக்கு மனநல உதவி என்று கம்பெனியில் ஒரு திட்டம் இருந்தது. வியாழக்கிழமைகளில் ஓர் ஆலோசகர் வருவார். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது வெளியே போகாது என்று நோட்டீஸ் வேறு ஒட்டியிருந்தார்கள். நம்பிப் போனாள். மெல்லத் தேறியும் வந்தாள்.

மேனேஜருக்கு வாய் சும்மா இருக்காது. ஆலோசகரிடம் யார் யார் போனார்கள் என்ற வருகைப் பட்டியலை ஆபீசில் பார்த்துவிட்டு, காலைக் கூட்டத்தில் இருநூறு பேர் முன்னால் மைக்கில் சொன்னான்: "மூளை சரியில்லாதவங்க கையில ஊசி இருந்தா ஆபத்து. இன்னையிலிருந்து அந்தம்மா நூல் வெட்டட்டும்."

நாலு பேர் சிரித்தார்கள். அந்த நாலு மூஞ்சியும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவள் சாவியைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூல் வெட்டினாள்.

"விடுக்கா," என்றேன்.

"எதுக்கு விடணும்? அந்த ரூம் என்னோடது. அவன் வாயாலயே திருப்பி வாங்குவேன்."

நாலு மாதம் கழித்து, துணி வாங்கும் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஓர் அம்மா வந்தார். மனநல உதவி பெற்ற ஊழியர் ஒருவரிடமாவது பேச வேண்டும் என்றார். மைக்கில் மானம் போன பிறகு ஆலோசகர் பக்கம் யார் போவார்கள்? இருந்தது ஊசிக்காரி ஒருத்திதான். மேனேஜர் பல்லிளித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ரொம்ப உதவியா இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க."

அன்றைக்கு மைக்கில் 'அந்தம்மா', இன்றைக்கு அக்காவாகிவிட்டாளாம்!

"சொல்றேன் சார்," என்றாள், பசு மாதிரி.

உள்ளே நடந்ததை அவள் எனக்குப் பத்து தடவை ருசித்துச் சொல்லியிருக்கிறாள். சோதனைக்கு வந்தவர் மேனேஜரை வெளியே போகச் சொன்னாராம். "அவரும் இருக்கட்டும் மேடம், காதுல விழ வேணாமா?" என்று நிறுத்தி வைத்துக்கொண்டு, மைக்கில் அவன் சொன்னதைத் தேதியோடு ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாளாம். அவனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

ஆர்டர் போய்விடுமோ என்று முதலாளி ஆடிப்போனார். வருகைப் பட்டியல் இனி ஆலோசகரிடமே இருக்கும் என்றார். மேனேஜர் அதே மைக்கில் மன்னிப்புக் கேட்டு, சாவியை அவள் கையில் கொடுத்தான். "போதுமாம்மா?" என்று கேட்டார் முதலாளி.

"போதாது சார். இவரும் ஆறு வியாழன் அந்த ஆலோசகர்கிட்ட போகணும்."

இப்போது ஒவ்வொரு வியாழனும் எல்லா வரிசையும் பார்க்க அவன் தலைகுனிந்து போகிறான். இவள் தன் அறை வாசலில் வந்து நின்று பார்க்கிறாள். போன வாரம் வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"போதும்க்கா. இன்னுமா மனசு ஆறல?"

"ஆறிட்டு வருது," என்றாள். "இன்னும் ரெண்டு வியாழன் இருக்குல்ல."