போர்வை மூடிய எண்

காலை ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்தது. ஆர்லிஸ் அப்போதுதான் காபி போட்டிருந்தாள். அவள் கணவர் லோவல் ட்ஜாடன் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருக்கு வரும் மின்னஞ்சலை அவள்தான் திறந்து பார்க்கிறாள்.

அயோவாவின் இந்தச் சின்ன ஊரில் லோவல் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்தவர். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய கணினி வைத்து, பெரிய பகா எண் தேடும் கூட்டத்தோடு சேர்ந்து தேடினார். ஆளுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். இரண்டை இரண்டாலேயே கோடிக்கணக்கான தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண். நாலில் தொடங்கி, வர்க்கம் எடுத்து, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி வர்க்கம். இப்படியே மாதக்கணக்கில். கடைசி மீதி பூஜ்யமானால் எண் பகா எண். நடுவில் ஒரு இலக்கம் பிசகினாலும் எல்லாம் வீண்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், ஆர்லிஸ் ஈரப் போர்வையை அந்தக் கணினியின் மேல் காயப் போட்டாள். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். ராத்திரி முழுக்கக் காற்று போக வழியில்லை. அளவுக்கு மேல் சூடேறினால் கணினி இலக்கத்தைப் பிசகவிடும். மறுநாள் கணக்கு முடிந்தது. மீதி பூஜ்யமில்லை.

"போர்வையாவது காஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார் லோவல்.

அவர் தம்பி டுவேன் விடவில்லை. "அண்ணி, ஒரு கோடியே இருபது லட்சம் இலக்கம். அத ஒத்தப் போர்வையில மூடிட்டீங்களே."

"உனக்கும் ஒண்ணு தச்சுத் தரேன், வாயில கட்டிக்க," என்றாள். ஆனால் உள்ளே உறுத்தியது. பூஜ்யம் வந்திருக்க வேண்டியதைத் தான் கெடுத்துவிட்டோமோ? லோவலும் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. தன் கணக்கைத் தானே சரிபார்ப்பது அந்தக் கூட்டத்தில் வழக்கமில்லை. முகம் தெரியாத யாராவது, என்றாவது, வேறு இயந்திரத்தில் செய்து பார்ப்பார்கள்.

இன்று வந்த செய்தி அதுதான்: செய்து பார்த்திருந்தார்கள். கனடாவில், சஸ்காச்சுவானில் யாரோ ஒருவர். ஒப்பிட்டுப் பார்க்க மீதியின் கடைசிப் பதினாறு இலக்கங்களை மட்டும் போட்டிருந்தார்கள்; இரண்டும் அப்படியே ஒத்துப்போயின. லோவலின் கணக்கு சரி. அந்த எண் பகா எண்ணே இல்லை.

ஆர்லிஸ் இரண்டு மீதிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு மூன்று தடவை ஒப்பிட்டாள். பிறகு டுவேனைப் போனில் கூப்பிட்டாள்.

"என் போர்வை மேல தப்பில்லையாம்."

"அப்போ பதினோரு வருஷமா சும்மாவா கிண்டல் பண்ணினேன்?" டுவேன் சிரித்தான். "சரி, இனி அந்தப் பெட்டிய அணைச்சிடலாமில்ல?"

"அணைக்க முடியாதுடா. உங்கண்ணன் கடைசியா எடுத்த எண்ணு இன்னும் ஓடுது."

காபி ஆறிப்போயிருந்தது. அதையே குடித்துவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். எழுபத்தோரு சதவீதம் முடிந்திருக்கிறது.