கண்ணீர் அளவுக்கு உப்பு

எண்பதாம் வருஷம் வாக்கில், ஒரு சித்திரை மாதம். மார்க்கையன்கோட்டையில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தேன். கைப்பிள்ளைக்கு எட்டு மாதம். இரண்டு நாளாக வயிற்றால் போனது. தண்ணீராகவே போனது.

எங்கள் பக்கம் இதைத் தொக்கம் என்பார்கள். தின்றது ஏதோ குடலில் ஒட்டிக்கொண்டதாம். அதை எடுக்க ஓர் ஆள் இருந்தார். பிள்ளை வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சினார். கருப்பாக எதையோ துப்பிக் காட்டினார். மூன்று நாளைக்குப் பாலும் தண்ணீரும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முந்தின வருஷம் என் மூத்தவனுக்கும் இதே ஆள்தான் எடுத்தார். இதே பத்தியம்தான். தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் செம்பை ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள்.

இப்போது சின்னவன் அழுதான். சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி உள்ளே இறங்கிக் கிடந்தது.

ஊருக்கு ஊசி போட வந்த நர்ஸம்மா ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. வயிற்றால் போனால் பாலை நிறுத்தக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் துளி உப்பும் கலந்து கொடுக்க வேண்டும். உப்பு கண்ணீரைவிடக் கூடக் கூடாது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அடுப்பைப் பற்றவைத்தேன். புகையில் கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் ஆறியதும் செம்பில் ஊற்றிச் சர்க்கரையும் உப்பும் கலக்கினேன். கன்னத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன். அப்புறம் செம்புத் தண்ணீரில் ஒரு துளியை வைத்தேன். உப்பு சரியாக இருந்தது.

வீட்டுக்காரரின் அக்கா வாசலில் வந்து நின்றார்.

“என்னடி அது?”

“பிள்ளைக்குத் தண்ணி, மதினி.”

“போற வயித்துக்குத் தண்ணியா? ஓட்டைப் பானையில ஊத்துறவளே! அவுக அம்புட்டுச் சொல்லிட்டுப் போனாகளே, காதுல விழலையா?”

“விழுந்துச்சு. போன வருசமும் விழுந்துச்சு.”

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார்.

“பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஒன்னைய வெட்டிப் போடுவேன்!”

“வெட்டுங்க. அவன் குடிச்சு முடிக்கட்டும்.”

சங்கில் ஊற்றிக் கொடுத்தேன். கக்கினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தேன். அப்புறம் மார்பில் போட்டேன். சப்பினான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். “இவ திரும்பி வரட்டும், பாக்குறேன்” என்று மதினி தெருவுக்கே கேட்கக் கத்தினார். நான் திரும்பவில்லை.

பஸ் ஏறும்போதுதான் திரும்பினேன். வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். கையில் செம்பு. சிந்தாமல் பிடித்திருந்தார். ஏறி உட்கார்ந்து, சங்கை நீட்டினார்.

சின்னமனூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் செம்பில் என்ன என்று கேட்டார். சொன்னேன். “இது உள்ளே போகாமல் இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டான்” என்றார். மூன்றாம் நாள் ஊசி போட்டபோது பிள்ளை வீறிட்டான். இரண்டு கன்னத்திலும் நீர் வழிந்தது. நான் துடைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போதும் எந்த வீட்டிலாவது பிள்ளைக்கு வயிற்றால் போகிறது என்றால் கூப்பிடாமலே போய் நிற்பேன். அடங்காதவள் என்று அன்றைக்கு மதினி வைத்த பெயர் அப்படியே இருக்கிறது. அது ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் என் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.